இஞ்ச் டேப் வைத்து அளந்த பாத்தி

அன்புள்ள அப்பாவுக்கு,

கடை வேலைக்கு நடுவே கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். போனில் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் முதுகுவலி குறைந்ததா? அம்மாவின் இருமல்? நான் நலம்.

இங்கே கல்லூரியில் மாணவர்களே ரசாயன உரம் போடாமல் காய்கறித் தோட்டம் நடத்துகிறோம். நான் அதில் சேர்ந்த அன்று, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். கூச்சத்தில் விவசாயம் என்று சொல்லிவிட்டேன். உடனே முள்ளங்கிப் பாத்தியை என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் இஞ்ச் டேப் வைத்து, பட்டன் தைப்பதுபோல் வரிசை பிசகாமல் நெருக்கி விதைத்தேன். பருக்க இடமில்லாமல் எல்லாமே சுண்டுவிரல் கனத்தில் நின்றுவிட்டன.

தோட்டத் தலைவியை நாங்கள் மண்புழு என்போம். அவள் டேப்பைப் பார்த்துவிட்டாள்.

“என்னடி, முள்ளங்கிக்குச் சட்டையா தைக்கிற? உண்மையச் சொல்லு, உங்கப்பா என்ன வேலை?”

“டெய்லர்.”

“அட லூசு, முன்னாடியே சொல்றதுக்கென்ன? நிழல்வலை ரெண்டு மாசமா கிழிஞ்சு தொங்குது!”

பாதி வலையைத் தைத்துவிட்டேன். கோணி ஊசி இரண்டு வேண்டும்.

வகுப்புக்கு நேரமாகிறது, முடிக்கிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு அறுவடைக்கு வீட்டாரை அழைக்கலாம். என்னைக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்று உங்களை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டேன். இந்த முறை உள்ளே வாருங்கள், அப்பா.