நார்வே கோட்டும் வக்கீல் கோட்டும்

ராயபுரம்
20-1-2024

அன்பு மகன் தயாளனுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நான், உன் தங்கச்சி மங்கை, மாப்பிள்ளை, புள்ளைங்க எல்லாரும் நல்லபடியா கீறோம், நீயும் மருமகளும் மகிழினியும் அந்தப் பனியில சளி காய்ச்சல் இல்லாம இருக்கீங்கன்னு நெனச்சுகினே எழுத ஒக்காந்தேன். நல்ல சேதியை மொதல்ல சொல்லிடறேன். மங்கையோட பெரியவன் நிதிஷ் பாலிடெக்னிக்ல ஃபர்ஸ்ட் கிளாஸ், அதோட கேரம்ல மாவட்டத்துலயே ரெண்டாவது, மொதல்ல வந்தவன் போர்டுல பவுடரை அள்ளிக் கொட்டிட்டான்னு தெருவே சொல்லுது. சின்னவ ஜெயஸ்ரீ பாக்ஸிங்ல வெள்ளி வாங்கினா, எதுத்து நின்ன பொண்ணு மூக்கை ஒடச்சுட்டு அவளையே வூட்டுக்கு இட்டாந்து வஞ்சிரக் கொழம்பு ஊத்தி அனுப்பினா. உன் மக நீச்சல்ல கப்பு வாங்கினாளாமே, சுடுதண்ணி ஊத்தின தொட்டியாம், இருந்தாலும் கடல்காரன் பேத்தி, கப்பு கப்புதான்னு மார்க்கெட் பூரா சொல்லிட்டேன். அஞ்சாங்கிளாஸோட நின்ன பச்சையம்மா பேரப்புள்ளைங்களைப் பாருன்னு ஊரே பேசுது, நான்தான் பேச வைக்கிறேன்.

இப்ப விசயத்துக்கு வரேன். ஒரு மாசமா மங்கை போன் பண்ணா நீ எடுக்கறதில்லையாம், அதான் லெட்டர், இதை நீ கட் பண்ண முடியாது. அப்பா உயில்ல வூடு எனக்கப்புறம் மங்கைக்குன்னு எழுதிட்டு உனக்கு ஒரு கோட்டை மட்டும் வச்சுட்டாரேன்னு உனக்கு மனசு கஷ்டம், எனக்குத் தெரியாதா. அந்தக் கோட்டுக் கதையை முழுசா படி, அப்புறம் கோவப்படு. நார்வேலேர்ந்து நீ அனுப்பின பஞ்சு வச்ச மஞ்சக் கோட்டை மனுசன் சித்திரை வெயில்லயும் கழட்டினதில்ல, வேர்த்துக் கொட்டுதே கழட்டுய்யான்னா எம்புள்ள அனுப்பினதும்மேன்னுவார். உயிலை நடத்திவைக்க ரெண்டு பேரைப் போட்டுட்டுப் போயிருக்கார், நான் ஒண்ணு, வக்கீல் அருள்பிரகாசம் ஒண்ணு. என்னைத் தனியா வுட்டா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துடுவேன்னு வக்கீல்கிட்டயே சொன்னாராம், கேட்டதும் எனக்கு வந்துச்சே ஆத்திரம். ஆனா பேச வழியில்ல. வக்கீல் மரியாதைக்காரர், கருமாதி முடியாம உயில் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு காத்துகினு இருந்து பதினேழாம் நாள்தான் வந்தார். நானோ நம்ம வழக்கப்படி பதினாறாம் நாளே அப்பா போட்டது கட்டினது எல்லாத்தையும் குடுத்து முடிச்சுட்டேன், அந்தக் கோட்டை அவரோட படகுப் பங்காளி சின்னப்பையனுக்கு. முப்பது வருசம் ஒரே படகுல குந்தினவங்க ஆச்சே.

வக்கீல் தலையில கையை வச்சுகினார். அம்மா, இந்த உயில் செல்லும்னு ஐகோர்ட் முத்திரை குத்தித் தர்ற வரைக்கும் ஒரு கர்ச்சீப்பைக்கூட யாருக்கும் குடுக்கக் கூடாது, அப்புறமும் நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் குடுக்கணும், இருக்கற சாமானுக்கெல்லாம் லிஸ்ட் போடணும்னார். அதுக்காவ பதினாறாம் நாளைத் தள்ளி வைக்க முடியுமா சார்னு கேட்டேன். மறுநாள் கோர்ட்லேர்ந்து கறுப்புக் கோட்டோட அப்படியே வந்து என்னை ஆட்டோவுல ஏத்திகினு முகத்துவாரக்குப்பம் போனார். அங்க உச்சி வெயில்ல மணல்ல குந்தி சின்னப்பையன் கிழிஞ்ச வலையைப் பொத்துகினு கீறான், மஞ்சக் கோட்டைப் போட்டுகினு, ஜிப்பை வேற கழுத்து வரைக்கும் இழுத்து வுட்டுகினு. இது தயாளன் சொத்து, கழட்டுங்கன்னார் வக்கீல். குடுத்த துணியைத் திருப்பிக் கேக்கறது எந்தச் சட்டத்துல கீது, நான் மட்டும் இன்னாத்துக்குக் கழட்டணும், மொதல்ல நீ உன்னுதைக் கழட்டு வக்கீலு, அப்புறம் பாக்கலாம்னான் அவன். கூட்டம் கூடிடுச்சு. வக்கீல் என்னைப் பாத்தார், நான் கடலைப் பாத்தேன். கடைசில கழட்டினார் பாவம், அவன் அதை வாங்கி மாட்டிகினுதான் மஞ்சக் கோட்டைக் குடுத்தான். இப்ப சின்னப்பையன் காசிமேடு மீன் ஏலத்துக்குக் கறுப்புக் கோட்டுலதான் போறான், சனம் வழி வுடுது, ஒருத்தி வக்கீல்னு நெனச்சு சந்துத் தகராறு சொல்லி அழுதாளாம், பத்திரத்தை எடுத்துகினு வான்னானாம். வக்கீல் தன் ஜூனியரோட கோட்டை வாங்கிப் போட்டுகினு கோர்ட்டுக்குப் போனா கை முழங்கையோட நின்னுடுச்சாம்.

கோட்டை வூட்டுக்கு எடுத்தாந்து ரெண்டு பேரும் லிஸ்ட் எழுத ஒக்காந்தோம். உள்பாக்கெட்டுல பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள உன் போட்டோ. உப்புத்தண்ணி பூந்து மூஞ்சி பூரா அழிஞ்சு தோளும் சட்டைக் காலரும்தான் மிச்சம். உருவம் தெரியாத போட்டோ ஒன்றுன்னு வக்கீல் எழுதினார். அதை அடி, என் மகன்னு எழுதுன்னேன். அடையாளம் தெரியலையேம்மான்னார். பெத்தவளுக்குக் காலர் போதும்னேன். சண்டை போட்டு கடைசியா முகம் அழிந்த மகன் போட்டோ ஒன்றுன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அப்பத்தான் உயில்ல உன் வரியை முழுசா படிச்சுக் காட்டினார், மங்கை பாதி சொல்றதுக்குள்ளதான் நீ போனை வச்சுட்டியே. மேற்படி கோட்டை மகன் தயாளன் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டியது, தபாலில் அனுப்பக் கூடாதுன்னு கீது. வூட்டைக் குடுத்தா அங்கேர்ந்தே பேப்பர்ல கையெழுத்துப் போட்டு முடிச்சுக்குவான், கோட்டுன்னா வந்துதானே ஆகணும்னு உங்கப்பா வக்கீல்கிட்ட சொல்லிச் சிரிச்சாராம். காரியத்துக்கு உனக்கு லீவு கெடைக்கல, நான் அதை மனசுல வைக்கல, நீயும் இதை வைக்காத.

உயில்ல ஆட்சேபணை இல்லைன்னு நீ அங்க தூதரகத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம், இல்லாட்டி இது வழக்கா ஆயிடும், அண்ணனும் தங்கச்சியும் எதிரும் புதிருமா நிக்கணும், நான் எந்தப் பக்கம் குந்தறது சொல்லு. போட மனசு வரலைன்னா போடாத நைனா, ஆனா அதையும் நேர்ல வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

காதுல பஞ்சு வச்சுகினு வெளிய போ, மருமகளுக்கு நேரத்துக்குச் சாப்புடச் சொல்லு, மகிழினியைத் தலை ஈரத்தோட வுடாத. மூணு பேரும் நூறு வருசம் நல்லா இருங்க. கோட்டை வெயில்ல காய வச்சு பீரோவுல மாட்டிட்டேன், அழிஞ்ச போட்டோவைத் தனியா எடுத்து வச்சுட்டேன், அந்தப் பாக்கெட்டைக் காலியா வைக்கத்தான் மனசு வரல. மூஞ்சி நல்லாத் தெரியற மாதிரி புது போட்டோ ஒண்ணு எடுத்துத் தபால்ல அனுப்பு, போன்ல வேணாம். புது போட்டோவுக்காவ லிஸ்ட்டைத் திருத்தணும்னா வக்கீலும் கையெழுத்துப் போடணுமாம், போடறேன்னு சொல்லிட்டார்.

இப்படிக்கு
உன் அம்மா பச்சையம்மா
(உயிலை நடத்திவைக்கிறவங்கள்ல ஒருத்தி)