தெரு சாலையான விவரம்

கும்மிடிப்பூண்டி,
ஜூன் 9

அன்பு மகள் ஹெலனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன்னையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

முதலில் ஒரு முக்கியச் செய்தி. மே ஒன்றாம் தேதி நடந்த கிராம சபைக் கூட்டத்தில், தொண்ணூற்று நான்கு பேர் முன்னிலையில், எதிர்ப்பு ஒன்றுமின்றி, நம் மூன்றாம் குறுக்குத் தெரு இனி தெரு அல்ல, சாலை என்று தீர்மானம் நிறைவேறியது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எல்லோருக்கும் மோர் கொடுத்தார்கள்.

இருபதாம் தேதி வரட்டுமா என்று நீ போனில் கேட்டபோது, நான் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் கான்ட்ராக்டர் லோகு ஜேசிபியோடு வந்து, கழிவுநீர்க் கால்வாய்க்காக நம் வாசலை ஒட்டி இடுப்பளவு பள்ளம் தோண்டினார். கால்வாய் கட்டி, தெருவுக்குப் பேவர் பிளாக் கல் போட்டு, ஜூன் முதல் வாரம் முடித்துக் கொடுப்பதாகப் பேச்சு. நீ தலைப்பிரசவத்துக்கு வருவதற்குள் வேலை முடிந்துவிடும் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன்.

இடையில் கிராம சபை வந்தது. கோடி வீட்டுச் சரவணன், சிப்காட் ஆட்களுக்கு வாடகைக்கு விட மாடி கட்டியிருக்கிறாரே, அவர் எழுந்தார். "இம்மாம் செலவு பண்ணி ரோடு போட்டுட்டு, இன்னும் தெரு தெருன்னு சொல்லிக்கினு இருந்தா எவன் மதிப்பான்? தெருன்னாலே நாய் ஞாபகம்தான் வருது" என்றார். சபை உருகிவிட்டது. எதிர்வீட்டுச் சந்திரகலா மட்டும், "பேரு இருக்கட்டும்ணா, பள்ளத்த எப்ப மூடுவீங்க?" என்று கேட்டாள். அது அஜெண்டாவில் இல்லை என்று உட்காரவைத்தார்கள்.

பிறகு 'குறுக்கு சாலை'யா, 'குறுக்குச் சாலை'யா என்று அரைமணி நேரம் விவாதம். அந்த 'ச்'சுக்காக வாதாடியவன், உன்னிடம் மறைப்பானேன், நான்தான். வெற்றியும் பெற்றேன். தீர்மானத்தை வழிமொழிந்தவர் என்ற இடத்திலும் யேசுதாஸ் என்றே இருக்கிறது.

கூட்டம் முடிந்த நான்காம் நாள் ஜேசிபி போய்விட்டது. ஊராட்சிச் செயலர் வரதனிடம் போய்க் கேட்டேன். அவர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். "ஆர்டர் தெரு மேம்பாட்டுக்குத்தான் வந்துகீது சார். இப்போ அங்க தெருவே இல்லியே!" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். சாலை என்றால் ஒன்றிய அலுவலகம் பார்க்க வேண்டுமாம். அங்கே போனேன். சாலைக்குப் பன்னிரண்டடி அகலம் வேண்டும், உங்களுடையது பத்தடி, ஆகவே அது சாலை இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். இப்போது நாங்கள் எதன்மேல் குடியிருக்கிறோம் என்று சொல்ல அதிகாரம் உள்ளவர் யாரும் இல்லை. பெயர்ப்பலகை மட்டும் வந்துவிட்டது. அதில் 'ச்' இல்லை.

மறுபடி தெருவாக்க இன்னொரு தீர்மானம் வேண்டும். அடுத்த கிராம சபை ஆகஸ்ட் பதினைந்து. டாக்டர் உனக்குச் சொன்ன தேதி ஜூலை இருபத்து நான்கு.

போன வாரம் பக்கத்து வீட்டு முனுசாமிக்கு நெஞ்சுவலி. 108 மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர், பள்ளத்தின் குறுக்கே போட்ட பலகைமேல் தூக்கிப் போனோம். அந்த நிலையிலும் அவர், "டேய், பள்ளம் பாத்து! இன்னா அவசரம், நான்தானே சாகப்போறேன்" என்று எங்களை அதட்டிக்கொண்டே வந்தார். பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மா கேட்டாள்: "நாளைக்கு என் பொண்ணையும் இப்டி நாற்காலில தூக்கினு ஓடுவியா? தமிழுக்கு ஒரு எழுத்து வாங்கிக் குடுத்தியே, அது வந்து தூக்குமா?"

மழை வேறு ஆரம்பித்துவிட்டது. உனக்காக வெள்ளையடித்த அறையில் ஃபேன் மாற்றியிருக்கிறேன். நன்றாகச் சுற்றுகிறது.

அதனால் மகளே, நீ வர வேண்டாம். தாய்வீட்டில் ஒரு பிரசவம் பார்க்க வக்கில்லையா என்று உன் மாமியார் கேட்டால், தெருவில் வேலை நடக்கிறது என்று சொல். நடக்கவில்லை என்று சொல்லிவிடாதே. மாப்பிள்ளையிடம் நானே பேசிக்கொள்கிறேன். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். மாத்திரை மறக்காதே. வலி எடுத்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடு, நான் எடுப்பேன். ஆண்டவர் உனக்குச் சுகப்பிரசவம் தருவாராக.

உன் அப்பா,
யேசுதாஸ்

பி.கு.: அம்மா பதினெட்டாம் தேதி காலை உன் வீட்டுக்கு வர ஓசூர் பஸ் ஏறுகிறாள். மூன்று மாதத்துக்கு வேண்டிய துணிமணி எடுத்து வைத்தாகிவிட்டது.