படுக்கவைத்து அளந்த கண்ணாடி

மார்ச் 4
"ரெண்டு பக்கமும் ஒரே கண்ணாடிதானே சார், அப்புறம் ஏன் வளையுது?" ஒரு மாணவி என்றோ கேட்டது. ஒரு தாளின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துக் காட்டினேன், சுருண்டது. கண்ணாடித் தகடும் அப்படித்தான். இரு முகங்களும் ஒன்றுபோல ஆறாவிட்டால் ஒன்று மற்றதை இழுக்கும்.

கண்ணாடித் தகட்டு ஆலையில் கலவை வகுக்கும் என் மகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறாள். கலவையில் சோடா உப்பைக் குறைத்து அலுமினாப் பொடியைக் கூட்டிவிட்டாள். சூட்டில் அதிகம் விரியாது, ஆறும்போது அதிகம் சுருங்காது. ஒரே குறை, உலை கூடுதலாக எரிய வேண்டும்.

மார்ச் 9
அதே ஆலையில் தரம் பார்க்கும் மைத்துனன் வந்தான். "பழைய கலவை, புதுக் கலவை ரெண்டையும் நீங்களே அளந்துடுங்க அத்தான். வாத்தியார் கையெழுத்துன்னா மறுபேச்சு இருக்காது." போனேன். இரண்டு தகடும் மேசையில் பலகைபோல் நேராக இருந்தன. அறிக்கையில் பழையதே போதும் என்று முன்பே எழுதியிருந்தார்கள், கையெழுத்திட்டேன்.

மார்ச் 10
மகள் கேட்டாள்: "எப்படிப்பா வெச்சு அளந்தீங்க?"
"மேசைமேல."
"படுத்தா யாருக்குமே தொப்பை தெரியாதுப்பா."

அவ்வளவு பெரிய, மெல்லிய தகடு தன் எடையிலேயே மேசையோடு படிந்துவிடும். நிறுத்தி வைத்தல்லவா அளக்க வேண்டும்! சீ... பிள்ளைகளுக்கு அளக்கக் கத்துக் கொடுத்த லட்சணமா இது? அவளோட இரண்டு வருஷ உழைப்பை நானே ஒரு கையெழுத்துல குப்பைல போட்டுட்டேன்.

மார்ச் 11
மைத்துனனிடம் கேட்டேன். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். "தெரியும் அத்தான். உலைச் செலவு கூடினா மேலே என் தோலை உரிச்சிடுவாங்க. இப்ப நீங்க வாபஸ் வாங்கினா, வாத்தியாருக்கு அளக்கத் தெரியலைன்னுதான் ஊரே பேசும்."

அந்த உறிஞ்சல் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

மார்ச் 13
கையெழுத்தைத் திரும்பப் பெற ஆலைக்கு இன்னும் கடிதம் எழுதவில்லை. ஊர் சிரிக்குமே என்றுதான். அவனைவிட என்னைப் பார்த்தால்தான் குமட்டுகிறது.

மார்ச் 14
எழுதிவிட்டேன்: "அளந்த முறை தவறு. தவறு என்னுடையது. நிறுத்தி வைத்து மீண்டும் அளக்கவும்." மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என் தம்பியைக் காட்டிக் கொடுத்துட்டீங்க." கடிதத்தில் அவன் பேச்சே இல்லை என்றேன். "படிக்கிறவங்களுக்குத் தெரியாதாக்கும்!" என்றாள்.

மார்ச் 22
மேலதிகாரிகள் முன் தகடுகளை நிறுத்தினோம். பழையதற்கும் அளவுகோலுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. மகளுடையதில் ஒரு தாள்கூட நுழையவில்லை. பின்னால் யாரோ, "வாத்தியார் ரெண்டாவது தடவையில பாஸ்" என்றார்கள். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 6
இன்று உலையில் மகளின் கலவை ஏறியது. மைத்துனன் எங்கள் தெருவழியே போனான். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மனைவி ஜன்னலருகே வெகுநேரம் நின்றாள்.

இனி எவர் எதை நேர் என்று காட்டினாலும், கையெழுத்திடும் முன் தூக்கி நிறுத்திப் பார்.