மதகு வளைவில் லாக்கை எடுத்தேன்

அண்ணே,

உன் பிக்கப் வண்டியின் முன் அச்சிலிருந்து எண்ணெயை இன்று இறக்கினேன். பாலூற்றிய டீ நிறத்தில் வந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. புகாமல் என்ன செய்யும், முன்சக்கரம் பாதி முங்குகிற சேற்றில் அல்லவா ஓட்டினேன். எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாத அந்த கியர் ஆயில் நாற்றம், நீ மாட்டுக்கொட்டகையில் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்த நாட்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அம்மா போய்விட்டாள், அண்ணே. போன வாரம், விடாத மழையில். சுடுகாட்டுக்கு வண்டியை ஓட்டிப்போனது நான். நீ இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய். அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

அப்பா செத்ததும் கார்த்திகையில்தான். நீ வளைகுடாவிலிருந்து திருச்சியில் வந்திறங்கி, பெட்டியைக்கூட வீட்டுக்குள் வைக்காமல் பாடைக்குத் தோள் கொடுத்தாய். நம் தெருவிலிருந்து ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகிற வண்டிப்பாதையை, மேலத்தெருப் பண்ணை வீட்டுக்காரர் வருஷா வருஷம் வெட்டித் தன் வயலோடு சேர்த்து, கடைசியில் ஓர் ஆள் நடக்கிற வரப்பாக மிச்சம் வைத்திருந்தார். கோடையில் செத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சம்பா நிற்கிற காலத்தில் செத்தால், தூக்குகிறவர்கள் வயலுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். பெண்கள் தெருமுனையைத் தாண்டக்கூடாது என்பதால் நான் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு முன்னால் தோள் கொடுத்த சித்தப்பா தொடை வரை புதைந்தார். பாடை சாய்ந்தது. அப்பா குப்புறச் சேற்றில் விழுந்தார். ஆயுள் முழுக்க அந்தச் சேற்றை உழுதவர். வாய்க்கால் தண்ணீரில் முகத்தைக் கழுவி மறுபடி தூக்கிக்கொண்டு போனீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அது இன்னும் தீரவில்லை.

நீ திரும்பி வளைகுடாவுக்குப் போகவில்லை. சர்வேயரைக் கூட்டிவந்து அளந்தாய். பாதை பாதைதான் என்று ஆனது. பண்ணை வீட்டுக்காரர் அதில் பயிர் வைப்பதை நிறுத்தினார். ஆனால் மண் கொட்டி மேடாக்கக்கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார். வெட்டி வெட்டித் தாழ்ந்துபோன இடம், மழை பெய்தால் வயலைவிட மோசம். டிராக்டர்கள் எல்லாம் மேலத்தெருவில். நம்மை வேலைக்கு ஏற்றிப்போக வரும், நம் பிணத்துக்கு வராது. நீ அசரவில்லை. “மண்ணு கொட்டத்தான தடை, வண்டி ஓட்டத் தடையில்லையே பாப்பா” என்றாய். அடுத்த மாதமே, மலைத்தோட்டத்தில் ஓடிக் களைத்த பழைய பிக்கப் ஒன்றை வாங்கி வந்தாய். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி.

முதல் மழையிலேயே அது பாதையின் நடுவில் படுத்துக்கொண்டது. பின் அச்சில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற பூட்டு இருந்தது, முன் அச்சில் இல்லை. முன்னால் இடது சக்கரம் சேற்றை வாரி இறைக்க, வலது சக்கரம் வேடிக்கை பார்த்தது. எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே இன்ஜினின் பலம் ஓடிவிடும், அச்சின் நடுவில் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலின் சுபாவம் அதுதான் என்று நீ விளக்கினாய். நோகாத பக்கமாகவே சாய்வது நம் தாலுகா ஆபீஸின் சுபாவமும்தான் என்றேன். நீ சிரித்தாய். பாலைவனத்தில் நீ ஓட்டிய வண்டிகளில் முன்னாலும் லாக்கர் உண்டு, சுவிட்சைப் போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும், ஒன்று வழுக்கினாலும் இன்னொன்று இழுக்கும் என்றாய். உன்னோடு அங்கே வேலை பார்த்தவர் ஊருக்கு வரும்போது, பேரீச்சம்பழத்துக்குப் பதில் அந்த இரும்பைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

மாட்டுக்கொட்டகையில் கட்டை கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தினாய். சக்கரங்களைக் கழற்றி, அச்சுத்தண்டுகளை இரண்டு பக்கமும் உருவி, டிஃபரன்ஷியலைக் குடலைப்போல வெளியே எடுத்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூட உட்கார்ந்தேன். ஒரத்தநாட்டில் படித்து மாட்டு டாக்டராகிக் கன்றுக்குட்டிகளை இழுத்துப்போட்ட கைக்கு இது ஒன்றும் பெரிய அருவருப்பில்லை. பெரிய பல்சக்கரத்தை லாக்கரில் முடுக்கிய பிறகு, பல்லும் பல்லும் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கச் சாயம் வேண்டும் என்றாய். அம்மா உள்ளே போய்க் குங்கும டப்பாவை எடுத்து வந்தாள். அப்பா போன பிறகு யாரும் தொடாத டப்பா.

“எடுத்துக்கடா. சும்மாதான கெடக்கு.”

எண்ணெயில் குழைத்துப் பற்களில் தடவிச் சுற்றிப் பார்த்தாய். தடம் ஓரத்தில் விழுந்தது. கழற்றி, மெல்லிய தகடு வைத்து, மறுபடி மாட்டினாய். மறுபடி ஓரம். மறுபடி கழற்றினாய். ஒரு வழியாகப் பல்லின் நடுவில் தடம் விழுந்தபோது அம்மா குனிந்து பார்த்து, “இப்பதான் லட்சணமா இருக்கு” என்றாள். அன்றைக்கு அவள் சிரித்ததை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. நீ போல்ட் தேடிக்கொண்டிருந்தாய்.

அந்த வாரம்தான் நான் கேட்டேன், எனக்கும் இதை ஓட்டச் சொல்லிக்கொடு என்று.

“ஓட்டிக்க, யாரு வேணாங்குறா. ஆனா பொணத்தோட வண்டி போறப்ப நீ தெருமுனையோட நின்னுக்கணும் பாப்பா. நமக்குன்னு ஒரு மொற இருக்குல்ல.”

“பண்ணை வீட்டுக்காரரும் மொறைன்னுதாண்ணே சொல்றாரு.”

நீ ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். அந்தக் கேள்விக்கு நீ கடைசி வரை பதில் சொல்லவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

முதல் ஓட்டம் உனக்கு நினைவிருக்கும். செத்துப்போன கோடி வீட்டு ஆத்தாவைக் கட்டி ஏற்றிக்கொண்டு லாக்கைப் போட்டுக் கிளப்பினாய். எருமை நடக்கிற மாதிரி வண்டி நிதானமாகச் சேற்றை மிதித்துப் போனது. தெருவே வாயைப் பிளந்தது. ஆனால் பாலைவனத்தில் மதகு ஏது, வளைவு ஏது. பாதை மதகடியில் முழங்கை மாதிரி மடங்குகிறது, நீயோ லாக்கைப் போட்டபடியே ஸ்டியரிங்கை ஒடித்தாய். ஒன்றாகப் பூட்டிய சக்கரங்கள் திரும்புமா. வண்டி நேராகப் பண்ணை வீட்டுப் பயிருக்குள் போனது. நீ விடாமல் ஒடிக்க, அச்சுத்தண்டு முறிந்த சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஆத்தா மட்டும் அசையவில்லை. மிச்ச தூரம் தோளில் போனாள்.

நசுங்கிய அந்தக் கொஞ்சம் பயிருக்கு மேலத்தெரு முழுக்கக் கூடி நியாயம் பேசியது. அப்பா விழுந்த அன்றைக்கு ஒருத்தரும் கூடவில்லை. “வளைவுக்கு முன்னாடி லாக்க எடுத்துட்டு, திரும்பினப்பறம் போடணும்ணே” என்று நான் சொன்னபோது, “அங்கேருந்து பாத்த உனக்கு எப்படித் தெரியும்” என்றாய். பார்க்க மட்டுமே விட்டால், பார்க்கத்தானே செய்வார்கள். தண்டை மாற்றிவிட்டு அப்படித்தான் ஓட்டினாய். அதற்குப் பிறகு நீ இருந்த வரை நம் தெருவில் யாரும் சேற்றில் விழவில்லை.

அப்புறம் நீ சித்திரையில் போனாய். நெல் மூட்டைகளை இறக்கிவிட்டு வந்து தண்ணீர் கேட்டாய், நான் சொம்போடு வருவதற்குள் முடிந்துவிட்டது. பாதை வெடித்துக் காய்ந்து கிடந்தது. வண்டியே வேண்டாம் என்று தோளில் தூக்கிப் போனார்கள். இவ்வளவு பாடுபட்டவன் ஒரு மழைக்காலம் பார்த்துப் போயிருக்கக்கூடாதா என்று உன்மேல் எனக்கு இன்றும் கோபம். நீ சொன்னபடியே தெருமுனையில் நின்றேன். நீ ஒரு புள்ளியாகி மறைகிற வரை நின்றேன். போதும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அம்மா போன அன்று வண்டியை எடுக்க ஆளில்லை. நீ சொல்லிக்கொடுத்த என்னை விட்டால், உனக்கப்புறம் அதை ஓட்டத் தெரிந்த ஒரே பையன் நாகப்பட்டினத்துக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். நான் சாவியை எடுத்தேன். சித்தப்பா குறுக்கே வந்தார்.

“தோள்ல தூக்கிருவோம்மா. பொம்பள சுடுகாட்டுக்கு வர்ற வழக்கம் நமக்கு இல்ல.”

“அப்பா விழுந்தப்ப நீங்கதான சித்தப்பா முன்னாடி இருந்தீங்க?”

தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு பின்னால் ஏறி, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து பாடையைப் பிடித்துக்கொண்டார்.

பாதை தொடங்குகிற இடத்தில் பண்ணை வீட்டுக்காரர் குடையோடு நின்றார்.

“டாக்டரம்மா, நீங்களா ஓட்டுறீங்க? இதெல்லாம் பொம்பளைங்க செய்யிற காரியமா. தண்ணி வடியட்டும், நாளைக்கு எடுத்துக்கலாமே.”

போன ஐப்பசியில் அவர் பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. கொட்டும் மழையில் அவர் கொட்டகைக்கு நடந்துபோய்த் தோள் வரை கைவிட்டு இழுத்துப்போட்டவள் நான்.

“உங்க கன்னுக்குட்டி தண்ணி வடியிற வரைக்கும் காத்திருந்துச்சாங்க?”

அவர் நகரவில்லை. நான் ஹார்ன் அடிக்கவில்லை, இறங்கிக் கும்பிடவும் இல்லை. முதல் கியரில் மெதுவாக விட்டேன். சேறு வேட்டியில் படுவதற்கு முன் அவரே ஒதுங்கினார்.

சுவிட்சைப் போட்டேன். லாக்கருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர் முனகியது, லாக் விழுந்ததைக் காட்டுகிற விளக்கு எரிந்தது, முன்சக்கரம் இரண்டும் ஒன்றாகக் கடித்து இழுத்தன. மதகடியில் நிறுத்தி, லாக்கை எடுத்து, விளக்கு அணைகிற வரை பொறுத்து, நிதானமாக ஒடித்துத் திருப்பினேன். திரும்பியதும் மறுபடி போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், அம்மா கட்டினபடியே இருந்தாள், ஒரு பொட்டுச் சேறு இல்லாமல். அங்கே சேர்ந்ததும் சித்தப்பா, “வந்ததுதான் வந்துட்ட, கொள்ளியையும் நீயே வையிம்மா” என்றார். வைத்தேன். வானம் இடிந்து விழவில்லை, அண்ணே. மழைதான் பெய்தது, அது முன்பே பெய்துகொண்டிருந்தது.

நேற்று, பாதை தொடங்குகிற இடத்தில் பண்ணை வீட்டு ஆட்கள் இரண்டு கருங்கல் தூண்களை நட்டிருக்கிறார்கள். ஆள் போகலாம், மாடு போகலாம், நம் வண்டி போக முடியாது. தாசில்தாரிடம் மனு கொடுத்தாயிற்று. பார்க்கலாம் என்றிருக்கிறார். அவர் பார்த்து முடிக்கிற வரை நம் தெருவில் யாரும் சாகாமல் இருப்பார்களா. சித்தப்பா பயப்படுகிறார். ஆனால் இன்று காலையிலிருந்து நம் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, நாளைக்கு நாங்களும் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

உன் கோபம் முழுவதும் என்னிடம் இருக்கிறது. உன் தயக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. புது எண்ணெய் ஊற்றிவிட்டேன், சங்கிலி தயார். நாளைக் காலையில், பண்ணை வீட்டுக்காரர் காப்பி குடித்துக்கொண்டே பார்க்கிற வெளிச்சத்தில், அந்தக் கற்களில் சங்கிலியைக் கட்டி இழுக்கப் போகிறேன். லாக்கைப் போட்டுத்தான் இழுப்பேன். நேராக இழுக்கிற வேலை இது. எங்கேயும் திரும்ப வேண்டியதில்லை.