ஒன்றுமில்லை என்ற பொத்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், வீட்டுக் கணினியும் ஒருவழியாகத் தேறிவிட்டது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கணினியைப் புதுசாக்கிவிட்டேன் என்று அத்தனை பெருமையடித்த மனிதர் எதற்காகப் பேனாவைத் தேடி எடுத்துக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். மெயிலுக்கான கடவுச்சொல் இத்தனை வருஷமும் கணினிக்குத்தான் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. புதுசு வந்ததும் அது என்னைக் கேட்டது, நான் அதைக் கேட்டேன், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உன் பெயர், அம்மா பெயர், பழைய வீட்டுக் கதவு எண் எல்லாம் போட்டுப் பார்த்தேன். கடைசியில் நான் மனிதன்தானா என்று அதற்குச் சந்தேகம் வந்து, போக்குவரத்து விளக்கு இருக்கிற படங்களை மட்டும் தொடச் சொன்னது. அதிலும் தோற்றுவிட்டேன்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு முகம் பார்த்துப் பேசுகிற வசதி, இந்தப் பழைய இயங்குதளத்தில் இனி வேலை செய்யாது என்று அறிவித்துவிட்டு நின்றுபோனது உனக்குத் தெரியும். போனிலேயே பேசலாமே என்றாய், பேசினோம். அம்மா போனை மூக்கு வரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, கடுகுக்குக் கண்ணும் மூக்கும் வைத்த மாதிரி இருக்கிறாள் என்று என்னிடமே நீட்டிவிட்டாள். அவள் கண்ணுக்கு எட்டுவது அந்தப் பெரிய திரை ஒன்றுதான். புரையை எடுத்தாக வேண்டும், ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைப்பேன் என்கிறார் கண் டாக்டர். சர்க்கரையோ ஜன்னலோரம் இடம் பிடித்த பயணி மாதிரி இறங்க மாட்டேன் என்கிறது. கேட்டால், கண்ணுக்கு ஒண்ணுமில்ல, கண்ணாடிதான் அழுக்கு என்பாள். நாள் முழுக்க அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். இந்த ஞாயிறாவது பிள்ளை முகத்தைப் பார்க்க முடியுமா என்று என்னை ஒரே ஒரு தடவை கேட்டாள். அதுதான் எனக்கு உறுத்தியது. எந்த விஷயத்தையும் உன் அம்மா ஒரு தடவை கேட்டு நிறுத்தியதாகச் சரித்திரமே கிடையாது.

நீ புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்றாய், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தவன் நான், துருப்பிடித்த மீட்டரையெல்லாம் தட்டிக் கொட்டி ஓட வைத்தவன், ஒரு பெட்டியை ஓட வைக்க மாட்டேனா என்று கிளம்பினேன். இருப்பதிலேயே ஆகப் புதிய இயங்குதளத்தை ஏற்றப் பார்த்தேன். அது நம் பெட்டியை மேலும் கீழும் ஆராய்ந்துவிட்டு, இந்தக் கணினி தகுதி பெறவில்லை என்று திரையில் போட்டது. உள்ளே ஏதோ பாதுகாப்புச் சில்லு இல்லையாம். அந்த வாசகம் எனக்குப் புதிதா என்ன. மேற்பார்வையாளர் வேலைக்கு மனுப் போட்ட போதெல்லாம் ஆபீசில் இதையேதான் எழுதிக் கொடுத்தார்கள். இதுவாவது சில்லு இல்லை என்று காரணம் சொல்கிறது, எனக்கு என்ன இல்லை என்று அவர்கள் கடைசிவரை சொல்லவேயில்லை. அதைப் படித்ததிலிருந்து அந்தப் பெட்டிமேல் எனக்கு ஒரு ஒட்டுறவு வந்துவிட்டது.

மேல் வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற தணிக்கைக்காரர், நாம் 'சந்தேகம்' என்று பெயர் வைத்தோமே, அவர் வாசலில் நின்றபடியே ஆலோசனை சொன்னார். புதுசு போட்டால் வீட்டில் பேசுவதையெல்லாம் அது ஒட்டுக் கேட்குமாம். உன் அம்மா உள்ளேயிருந்து, "கேக்கட்டுமே, இந்த வீட்ல நான் பேசறத ஒருத்தராவது கேக்கணும்ல" என்றாள். அவர் அத்தோடு படியேறிப் போய்விட்டார்.

பிறகு கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கிற பெண்ணிடம் தூக்கிக்கொண்டு போனேன். திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற தூசியில் ஒரு தலையணை தைக்கலாம் என்றாள். ஊதித் துடைத்து, கூடுதலாக ஒரு ரேம் சொருகி, ஆகப் புதுசு இதில் உட்காராது, அதற்கு முந்தையது நன்றாக உட்காரும், நானே போட்டுத் தருகிறேன் என்று சொன்னாள். வேண்டாம்மா, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பென் டிரைவில் வாங்கிக்கொண்டேன். அம்மாவிடம் நானே போட்டேன் என்று சொல்ல வேண்டாமா. முக்கியமானதையெல்லாம் முதலில் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தாள். அதெல்லாம் ஆச்சு என்றேன். ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சொருகி, ஏற்ற ஆரம்பித்தேன். நடுவில், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கேள்வி வந்தது. நீதானே எல்லாவற்றையும் தமிழில் வரும்படி செய்துவிட்டுப் போனாய், அதனால் தெளிவான தமிழிலேயே கேட்டது. கீழே மூன்று பதில், கோப்புகளும் செயலிகளும் என்று ஒன்று, கோப்புகள் மட்டும் என்று ஒன்று, கடைசியில் ஒன்றுமில்லை. நம் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் என்ன பதில் வரும் என்று உனக்குத் தெரியாதா. என்ன கோபம், ஒண்ணுமில்ல. எங்கே வலிக்குது, ஒண்ணுமில்ல. ஒரு இயந்திரம் இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே, எனக்கென்னப்பா வேண்டும், நீ உன் வேலையைப் பார் என்ற பெருந்தன்மையில் 'ஒன்றுமில்லை'யைத் தட்டினேன். சதவீதம் ஓடியது, மீட்டர் பார்க்கிற சுகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றது, பழக்கதோஷத்தில் பெட்டியைப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன், நம்ப மாட்டாய், ஓடியது. முடிந்து திறந்தால் திரை பளிச்சென்று, காலி செய்த வீடு மாதிரி இருந்தது. நீ முதல் நாள் பள்ளிக்கூடம் போன படம், பட்டம் வாங்கின படம், கல்யாணப் படம், ஒன்றையும் காணோம். என்னையறியாமல் ஐயோ என்று கத்திவிட்டேன். அம்மா கதவைத் தட்டி, என்ன ஆச்சு என்றாள். ஒண்ணுமில்ல என்றேன். வாழ்நாளில் அந்தச் சொல்லை அதன் முழு அர்த்தத்தோடு நான் சொன்னது அன்றைக்குத்தான்.

காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்குகிற மாதிரி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடியும் கடைக்கு ஓடினேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்கேயோ நுழைந்து, பழையது என்ற பெயரில் இருந்த ஒரு கோப்புறையைத் திறந்தாள். "எல்லாம் இதுக்குள்ள பத்திரமா இருக்கு சார். ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னாலும், அது கொஞ்ச நாள் வச்சிருந்து பாத்துட்டுத்தான் அழிக்கும்" என்றாள். அசந்துபோனேன். எந்த ஊரில் எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து இதைச் செய்தானோ, அவன் நம்மைப் போல ஒரு வீட்டில்தான் வளர்ந்திருக்க வேண்டும். படங்களையெல்லாம் எடுத்து வைத்தாயிற்று, முகம் பார்த்துப் பேசுகிற வசதியையும் என் போன் எண்ணை வைத்தே அவள் போட்டுக் கொடுத்தாள், நீ கவலைப்படாதே. உங்கள் வீட்டுக் கணினியையும் ஒழுங்காகப் புதுப்பித்துக்கொள், மாப்பிள்ளையும் என்னைப் போலத் தானே செய்கிறேன் என்பார், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமைதான் பேசினோமே. அம்மா காலையிலேயே தலைவாரிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஏன் இப்படி இளைச்சுட்டே, முன்நெற்றியில் இவ்வளவு நரை வந்திருக்கே, தலைக்கு எண்ணெயே வைக்கறதில்லையா என்று அவள் கேட்கக் கேட்க நீ விழுந்து விழுந்து சிரித்தாய், எனக்கு எங்கேம்மா நரை என்றாய். அவள் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, அப்படியே என்னை உரிச்சு வச்ச மாதிரி ஆயிட்டா" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. புதுசுன்னா புதுசுதான், எவ்வளவு பளிச்சுன்னு தெரியுது என்று எனக்கு ஒரு பாராட்டும் கிடைத்தது.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், சண்டை வந்தாலும் தூங்கப் போகுமுன் சமாதானமாகி, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, கண் டாக்டரிடம் நீயே ஒரு தடவை பேசு, லீவு கிடைத்தால் கிளம்பி வா, நீ பக்கத்தில் இருந்தால் அவள் பத்தியம் ஒழுங்காக இருப்பாள், சர்க்கரையும் இறங்கும். இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது, அவளுக்குக் கண்தான் மங்கல், காது கத்தி மாதிரி.

புதுசில் நான் எதையோ மாற்றித் தட்டிவிட்டேன். அதனால் அன்றைக்குப் பெரிய கட்டத்தில் வந்தது அம்மாவின் முகம், நீ மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தாய். அவள் இளைத்துவிட்டாய் என்றதும், நரைத்துவிட்டாய் என்றதும், கையால் திரையைத் தடவிக் கொடுத்ததும் எல்லாம் அந்தப் பெரிய முகத்தைத்தான். எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. மாற்றுவதற்கு மவுஸ் வரை கையைக் கொண்டுபோனேன். அது நீதான், நம்ம பொண்ணு அந்த மூலையில இருக்கா என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா