பூட்டிய கழிப்பறையும் என் சிரிப்பும்

வேப்பந்தட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா எழுதிக்கொண்டது. டெல்லிக் குளிரிலும் புகையிலும் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், ஆனால் மனசு சுகமாக இல்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை சமாதானம் சொல்லிவிடுகிறாய், பேச்சை வைத்துப் பிழைக்கிறவள் இல்லையா, உன்னிடம் பேசி ஜெயிக்க எனக்குத் திராணி இல்லை. காகிதம் குறுக்கே பேசாது. அதனால் சாவகாசமாக உட்கார்ந்து படி, மீட்டிங்குக்கு நடுவில் படிக்காதே.

முதலில் வீட்டுச் சேதி. உன் அப்பா ரெட்டிபாளையத்தில் சிமெண்டு மூட்டை ஏற்றப் போய் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருகிறார், இருமல் விட்டபாடில்லை, மூக்கைத் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள் என்றால் மூச்சு முட்டுகிறது என்கிறார். உன் தம்பி விக்கி லப்பைக்குடிக்காட்டில் ஒரு செல்போன் கடையில் சேர்ந்திருக்கிறான், கடைக்கார பாய் வீட்டில் அடிக்கடி பிரியாணி போடுகிறார்களாம், இப்போது என் குழம்பைப் பார்த்தால் துரைக்கு முகம் சுளிக்கிறது. மக்காச்சோளத்தில் புழு விழுந்து பாதி போயிற்று. மழை விடாமல் பெய்ததில் வெங்காயம் போட்டுவைத்த பட்டறையெல்லாம் உள்ளுக்குள்ளேயே அழுகிவிட்டது. வேலைக்குப் போகிற வெங்காய மண்டியில் நாங்கள் நாளெல்லாம் அழுகலைப் பொறுக்கி எறிகிறோம், அந்த நாற்றம் கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகவில்லை, சோற்றில் கை வைத்தால் குமட்டுகிறது. ஆனால் நான் சொல்ல வந்த நாற்றம் அது இல்லை.

மலர்க்கொடியை உனக்குத் தெரியும், மண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அரிகிறவள், நீ வந்தபோது உனக்குக் கம்மங்கூழ் கொண்டுவந்து கொடுத்தாளே அவள்தான். போன மாதம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே குளிர் ஜுரம் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, ஆட்டோவில் ஏற்றிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவளிடம், தண்ணி எவ்வளவும்மா குடிப்பீங்க என்று கேட்டார். இவள், வேலைக்கு வந்தா குடிக்கிறதில்லீங்க, குடிச்சா ஒதுங்க எடமில்லீங்க என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சிறுநீரை அடக்கி அடக்கிச் சீழ் வைத்து அது கிட்னி வரைக்கும் ஏறிவிட்டதாம். ஊசி போட்டு அடக்கிவிட்டோம், மறுபடி இப்படி வந்தால் கிட்னி தாங்காது என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளும் படுத்துக் கிடக்க முடியாமல் மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள், பழையபடி உதடு காய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள், தண்ணீர் குடிடி என்றால் பின்பக்கத்தைக் கண்ணால் காட்டுகிறாள்.

பின்பக்கம் என்ன இருக்கிறது என்று கேள். முன்பெல்லாம் கருவேலம் புதருக்குப் பின்னால் ஒருத்திக்கு ஒருத்தி சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவோம். ஆவணி மாதம் மூட்டை திருட்டுப் போகிறது என்று முதலாளி பெரியசாமி பின்சுவரில் கேமரா வைத்தான், அது நேராக அந்தப் புதரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கேமராவில் தெரிவது கணக்குப்பிள்ளை பிச்சைமுத்துவின் செல்போனுக்கு வருகிறது. ஒரு நாள் அவன் என்னைப் பார்த்து, என்னக்கா இன்னிக்கு அடிக்கடி போறீங்க, சுகரா என்று கேட்டு இளித்தான். அவனுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. காறித் துப்பிவிட்டு வந்தேன், இன்னும் உடம்பில் எதுவோ ஊர்கிறது போல இருக்கிறது.

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று நாங்கள் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பெரம்பலூர் தொழிலாளர் ஆபீசில் மனு கொடுத்தோம். விசாரிக்க அதிகாரி மண்டிக்கே வந்தார், தன்மையான மனிதர்தான், எங்களை உட்கார வைத்துக் கேட்டார். அப்போது பெரியசாமி அலட்டிக்கொள்ளாமல் செல்போனை எடுத்து, சார் நான் கக்கூஸு கட்டிக் குடுத்தாச்சு, இந்தம்மா மவளே டெல்லியிலேருந்து வந்து எடுத்த வீடியோ இது, பாத்துக்கங்க என்று நீட்டினான். அதில் நான் புதுப் புடவையில் கழிப்பறைக் கதவைத் திறந்து வெளியே வந்து சிரிக்கிறேன். கீழே, இனி எங்கள் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்போம் என்று நான் சொன்னதாக எழுத்து ஓடுகிறது. உன் ஆபீஸ் பேர், உன் பேர், இரண்டும் இருக்கிறது. இது நீங்கதானேம்மா என்று அதிகாரி கேட்டார். நான்தான் சார், ஆனா அந்தக் கக்கூஸுக்குக் குழியே வெட்டல என்று சொல்ல ஆரம்பித்தேன், பாத்தீங்களா அவங்களே ஒத்துக்கிட்டாங்க என்று பெரியசாமி பாதியில் மறித்துவிட்டான். வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன், உள்ளே சாக்கு அடுக்கியிருக்கிறது சாவி இப்போது இல்லை என்று பிச்சைமுத்து கையை விரித்தான், வெளியே மழையும் கொட்டியது. இந்த வெள்ளி இல்லை அடுத்த வெள்ளி பெரம்பலூரில் கடைசி விசாரணை, அதற்குள் வேறு ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் வசதி இருப்பதாகத்தான் நான் எழுத வேண்டி வரும் என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார். மலர்க்கொடி என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை.

மணிமொழி, அந்தக் கழிப்பறைக்காக நீதான் முதலில் பாடுபட்டாய், இல்லை என்று நான் சொல்லவில்லை. பெண்கள் உடம்பு, பெண்கள் கூலி என்று ஊர் ஊராகப் பேசுகிற தொண்டு நிறுவனத்தில் வேலை உனக்கு, பெரியசாமியை நாலு பேர் அறியக் கேள்வி கேட்டு அவனைக் கட்ட வைத்ததும் நீதான், அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஆனால் மகளிர் தினத்தன்று ரிப்பன் வெட்டினபோது உள்ளே கோப்பை மட்டும்தான் இருந்தது, குழாய் சுவருக்கு அந்தப் பக்கம் போய் அந்தரத்தில் நின்றது, நான் உன் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். நீ என்ன சொன்னாய், நினைவு இருக்கிறதா? ஒரு வாரத்துல குழி வெட்டிருவாங்கம்மா, மார்ச்சுக்குள்ள எங்க ரிப்போர்ட் போகணும், நீ சும்மா உள்ள போயிட்டு வந்து சிரி என்றாய். மகள் சொல்கிறாளே என்று சிரித்தேன். நீயும் உன் ஆபீஸ்காரர்களும் ஏறின கார் ரோட்டைத் தாண்டுவதற்குள் பிச்சைமுத்து பூட்டுப் போட்டான், இன்று வரை அது சாக்கு போடுகிற அறைதான். நான் சொல்லாத சொல்லை என் வாயில் வைத்தாயே, அதற்குத்தான் பரிசு கொடுத்தார்கள் என்று மேடையில் நின்ற போட்டோவை அனுப்பினாய், தெருவெல்லாம் காட்டினேன். இப்போது அந்தப் போட்டோவைப் பார்த்தால் சீ என்று இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பெரியசாமி மாதிரி ஆட்களுக்குப் பழக்கம், அவனுக்குச் சோறு வடித்துக் கொடுத்தது என் மகள் என்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

அதிகாரி வந்துபோன அன்றே உனக்கு அழுதுகொண்டே குரல் பதிவு அனுப்பினேன். நீ கைகூப்புகிற பொம்மை ஒன்று அனுப்பினாய். அப்புறம் கூப்பிட்டு, இப்ப போய் அது பொய்யின்னு சொன்னா நிதி கொடுக்கிறவங்க கேள்வி கேப்பாங்கம்மா, மத்த ஊருல நடக்கிற வேலையும் நின்னு போயிடும், கொஞ்சம் பொறு என்றாய். யாரைப் பொறுக்கச் சொல்கிறாய்? மலர்க்கொடியின் மூத்திரப்பை உன் ரிப்போர்ட்டுக்காகப் பொறுக்குமா? நீ கெட்டவள் இல்லை, எனக்குத் தெரியும், நான் பெற்றவள். ஆனால் நீ பேசுகிற பேச்சு கெட்டுப்போயிருக்கிறது கண்ணு.

அந்த வெள்ளிக்கிழமை என்னை எழுப்பி மறுபடி அந்த வீடியோவைக் காட்டிக் கேட்பார்கள். சிரிக்கிறவள் நான்தான், அந்தச் சொல் என்னுடையது இல்லை, எழுதினவள் என் மகள் மணிமொழி, அவள் எழுதினது பொய் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன். உன் ஆபீஸ் பேரையும் சொல்வேன். நேற்று வந்த உன் அப்பா, பெத்த புள்ள வேலையில மண்ணள்ளிப் போடுறியே என்று சத்தம் போட்டார். ஆனாலும் சொல்வேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள், நிறையத் தண்ணீர் குடி, உனக்குத்தான் அங்கே கதவுள்ள இடம் இருக்கிறதே. சிறுவாச்சூர் காளியம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வீடியோவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே, நீ அழித்தாலும் பெரியசாமி செல்போனில் அது இருக்கும். அது பொய், எடுத்தவள் நான் என்று உன் பேரைப் போட்டு அந்த வெள்ளிக்கு முன்னால் நீயே எழுது. என் மகளைப் பொய்க்காரி என்று சொல்கிற முதல் ஆளாக என்னை நிறுத்திவிடாதே, தாயி.

இப்படிக்கு
உன் அம்மா
செல்வம்மாள்