நீ தாத்தா என்று கூப்பிடும் மனிதர்

சிவமயம்
டத்தோ கிராமாட், பினாங்கு

அன்புள்ள மகன் ராகவனுக்கு, அப்பச்சி மெய்யநாதன் சொல்லச் சொல்ல உன்கூடப் பிறந்த ஆச்சி அபிராமி எழுதுகிற கடிதம். தண்ணீர்மலையான் துணையால் நானும் உன் ஆத்தாளும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், கொழும்பில் உன் கையும் காலும் வயிறும் சுகமாக இருக்க அவனையே கேட்டுக்கொள்கிறோம். போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் உன் பின்னால் நாலு பேர் சுதி சேர்க்கிறார்கள், நான் ஒன்று சொல்ல நீ வேறொன்று கேட்டு ஆமாம் ஆமாம் என்கிறாய். காகிதத்துக்கு ஆமாம் போட முடியாது. நம் செட்டிமாரில் எழுத்து வசப்படாமல் போனவன் நான் ஒருவன்தான், அது ஊருக்கே தெரியும், அதனால் சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டும் என்று அபிராமியைக் கண்டித்திருக்கிறேன். முடித்ததும் படிக்கச் சொல்லிக் கேட்பேன், ஒரு சொல் மாறினாலும் எனக்குத் தெரிந்துவிடும். இதற்காகவே அவள் செபராங் ஜெயாவிலிருந்து வந்திருக்கிறாள். ஆத்தாளுக்கு ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது, ஊறுகாயை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். பக்கத்து வீட்டுப் பூனை நம் கூரையில் குட்டி போட்டிருக்கிறது. மழை விட்டபாடில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ தபலா வாசிக்கிற குழுவின் பாட்டுக்காரர் காமினி வெலகெதர மேடையேறி ஐம்பது வருஷம் நிறைகிற விழாவுக்கு நாங்கள் இருவரும் கண்டிக்கு வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று கேட்டாய். முழங்கால் வலி, வரமுடியாது என்று சொன்னேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, நேற்றுகூட பாசாருக்கு நடந்து போய்ப் பாறை மீன் வாங்கி வந்தேன். வரமாட்டேன் என்றதற்குக் காரணம் அந்த மனிதர்தான். அபிராமி பேனாவை வைத்துவிட்டு, உங்களுக்கு வயித்தெரிச்சல் லா அப்பச்சி, அத ஏன் முழங்கால் மேல போடறீங்க என்கிறாள். அதையும் எழுது என்றேன்.

ஆரம்பத்திலிருந்தே அவர் பெயர் நமக்கு ஆகவில்லை. நீ கொழும்புக்குப் போன புதிதில், காமினி கூடத்தான் சாப்பிட்டேன், காமினி வீட்டில்தான் இருக்கிறேன் என்று போனில் சொல்வாய். உன் ஆத்தாள் மருமகள் அமைந்துவிட்டாள் என்று தண்ணீர்மலைக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். பிறகு நீ படம் அனுப்பினாய், வெள்ளைத் தாடியும் கழுத்தில் துண்டுமாக ஒரு ஆள். சிங்களத்தில் அது ஆம்பிளைப் பெயராம். நேர்ந்துகொண்டது நேர்ந்துகொண்டதுதான் என்று அவள் குடத்தை எடுத்தாள், யாருக்காக என்று கேட்டவர்களிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு நீ சொல்லிச் சொல்லி அவர் கதை எனக்கு மனப்பாடம். கம்பளைப் பக்கம் தபால்காரர் மகன், வெசாக் பந்தலில் பாடிய பிள்ளை, கொழும்பு வானொலியில் குரல் சரியில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், இரண்டாம் முறை வாசல் காவல்காரருக்குப் பாடிக் காட்டிவிட்டுப் போனார், அந்தக் காவல்காரர்தான் உள்ளே போய்ச் சண்டை போட்டு மூன்றாம் முறை கூப்பிட வைத்தார். மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு, அதற்குப் பிறகு இலங்கையில் அந்தப் பாட்டு ஓடாத பஸ்ஸே இல்லை என்பாய். சினிமாவிலும் பாடினார். தொண்டையில் கத்தி வைத்து மூன்று வருஷம் வாய் திறக்காமல் கிடந்தார், கரகரத்த குரலோடு திரும்பி வந்தார், ஜனங்கள் அந்தக் கரகரப்பையே தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். எனக்கும்தான் இருமி இருமிக் குரல் கரகரத்துக் கிடக்கிறது, உன் ஆத்தாள் கொண்டாடவில்லை. அவரை வானொலியில் திருப்பி அனுப்பினால் சரித்திரம், என்னை மூன்றாம் வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பியதற்கு ஒரு பாட்டும் இல்லை. இருக்கட்டும், பாடுகிறவர் பாடட்டும் என்றுதான் இருந்தேன். நீ அவரைத் தாத்தா, தாத்தா என்று கூப்பிடுவது போனில் கேட்கும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. கிழவர்தானே, தாத்தாவாக இருந்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் நீ அனுப்பிய டிவிப் பேட்டியை முகம்மது சுல்தான் கடைக்கு எடுத்துப் போனேன், என் மகன் தபலா வாசிக்கிறான் என்று காட்டத்தான். சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிற ஒரு சிங்களவர் வெள்ளிக்கிழமை அங்கே டீ குடிக்க வருவார், அரைகுறைத் தமிழும் மலாயும் பேசுவார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். பாட்டுக்காரர் உன்னைக் காட்டி, இவன் கையைப் பழக்கினது நான் என்கிறாராம். ராகவா, உன் கை எங்கே பழகியது? பட்டர்வொர்த்திலிருந்து அரிசி ஏற்றி வருகிற என் லாரியில், இடது பக்கக் கதவுத் தகரத்தில். வைப்பர் ஒரு பக்கம் போய்த் திரும்புவதற்குள் நீ நாலு அடி அடிப்பாய், மழை வலுத்து நான் வைப்பரைக் கூட்டினால் நீயும் கூட்டுவாய். அந்தக் கதவு நெளிந்ததற்குத் முதலாளி தவுக்கேயிடம் திட்டு வாங்கியது காமினி வெலகெதர இல்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்து நீ வெற்றிலைக் கட்டைக் கொடுத்து, அவர் காலில் விழுந்து கும்பிட்டுத் தாத்தா என்றாய். பார்த்தீர்களா, தாத்தா என்கிறான் என்று சிரித்தேன். அந்தச் சிங்களவர் சிரிக்கவில்லை. தாத்தா இத்து பாப்பா லா, பாக்சிக் என்றார். எங்கள் பாஷையில் தாத்தா என்றால் தகப்பன் என்கிறார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நம் வழக்கத்தில் விழுந்து கும்பிடுவது பெரிய காரியம், பெற்றவருக்கும் பெரியவருக்கும் செய்வது. அதைச் செய்து அந்தச் சொல்லையும் சொல்லிவிட்டாய். இனி நான் கண்டிக்கு வந்து முன்வரிசையில் யாராக உட்காருவது? உன் ஆத்தாள் சமாதானம் சொல்லிப் பார்த்தாள், அவள் பேச்சை நான் கேட்கவில்லை. விழா நாள் நெருங்க நெருங்கப் பெட்டியை அவள் எடுத்து வைப்பாள், நான் பரணில் ஏற்றுவேன்.

ஆனால் எனக்குக் கண்ணால் படிக்கத்தான் தெரியாது, காது கேட்டதை விடாது. அந்தப் பேட்டியில் உன்னோடு வரிசையில் நின்ற மற்ற ஆட்களும் வெற்றிலை கொடுத்துக் கும்பிட்டார்களே, அவர்கள் யாரும் தாத்தா என்று சொல்லவில்லை. வேறு ஏதோ சொன்னார்கள், அது எனக்குத் தெரிந்த சொல் மாதிரி இருந்தது, மனசு கெட்டுக் கிடந்ததால் காதைத்தான் சந்தேகப்பட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் கடைக்குப் போய் அந்தச் சிங்களவரிடம் போட்டுக் காட்டினேன். பிடில்காரர் குனிகிறார், அப்பச்சி என்கிறார். கிட்டார்க்காரர் குனிகிறார், அப்பச்சி என்கிறார். சிங்களவர் சொன்னார், மலைநாட்டு ஆட்கள் தகப்பனை அப்பச்சி என்றுதான் கூப்பிடுவார்களாம், பாட்டுக்காரர் பெற்ற பிள்ளைகளே அப்படித்தான் கூப்பிடுவார்களாம், அதைப் பிடித்துக்கொண்டு குழு முழுக்க அப்பச்சி என்கிறதாம். நம் செட்டிவீட்டுச் சொல் அங்கே எப்படிப் போனதோ, அவர்கள் சொல் இங்கே எப்படி வந்ததோ, அது முருகனுக்குத்தான் வெளிச்சம். அப்புறம் அவரே கேட்டார், உங்கள் மகன் மட்டும் ஏன் தாத்தா என்கிறார், அவர் உங்களை என்னவென்று கூப்பிடுவார் என்று. சொன்னேன். அவர் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சூடா அடா ஓராங் என்றார். பஸ்ஸில் காலி சீட்டைக் கேட்டால் சொல்வோமே, ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று, அதே பேச்சு. சுல்தான் என்னைப் பார்த்து, பெரியவரே, டீ ஆறுது லா, குடிங்க என்றார். குடித்தேன்.

இதை நீ எனக்குச் சொல்லவே இல்லை. நானும் கேட்கப் போவதில்லை, கேட்டால் நீ ஆமாம் ஆமாம் என்பாய். பெட்டி இப்போது கீழே இருக்கிறது. டிக்கெட்டை அபிராமி பார்த்துக்கொள்கிறாள். அவர் விழாவில் நீ மனம் நிறைந்து தாத்தா என்று கூப்பிட்டுக் காலில் விழு, ஐம்பது வருஷம் பாடிய மனிதர், தொண்டை அறுபட்டும் விடாதவர், தகும். உன் கையைப் பழக்கியது அவர் இல்லை என்பதை மட்டும் நான் விடமாட்டேன், நேரில் பார்க்கும்போது லாரிக் கதவைப் பற்றி அவரிடம் சொல்லத்தான் போகிறேன், நீ சிங்களத்தில் சொல்ல வேண்டும், குறைக்காமல். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நீ மேடையிலிருந்தே, எப்போதும் வீட்டு வாசலில் கூப்பிடுகிற சத்தத்தில், அப்பச்சி என்று என்னைக் கூப்பிடு. தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று அவர் திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

இரவில் பனியில் நிற்காதே, கண்டியில் குளிர் என்கிறார்கள், உனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கடைப்பு. விரல் நுனிக்குத் தேங்காய் எண்ணெய் தடவ மறக்காதே. உன் ஆத்தாளுக்கு ஊறுகாய் கொண்டுவர அனுமதி உண்டா என்று கேட்டுச் சொல். தண்ணீர்மலையான் உன் கையிலும் தாளத்திலும் குடியிருக்கட்டும், நீ நூறு வயது வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பச்சி
மெய்யநாதன்

(அபிராமி படித்துக் காட்டினாள், சரியாகத்தான் இருக்கிறது. பெயருக்குக் கீழே உள்ள கோடு மட்டும் என் கை.)